எங்கடை நாய் கடிக்காது

தபாற்காரரின் இடது கெண்டைக்காலில் நான்கு சின்னப் பற்தடங்கள். ஒரு ரூபாய் நாணயக் குற்றியை வைத்தால் நான்கையும் மூடிவிடலாம். அவற்றை என் கையாலேயே சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும், "அல்சேஷன்தானே?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியால் ஒரு நாயின் உயிர் போகப் பார்த்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அதை நினைத்தால் பயம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. போன கிழமை என் மகள் நாய்க்குட்டி வாங்கப் போகிறேன் என்று கைப்பேசியும் கையுமாக என் பக்கத்தில் வந்து இருந்தாள். எந்தச் சாதி நாய் கூடக் கடிக்கும், எது கடிக்காது என்று அதில் ஒரு நீண்ட பட்டியல். "அம்மா, பொமரேனியன் நல்ல சாதுவாம்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை பயந்து போனாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். நீர்வேலிப் பக்கத்தில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய உப தபாற்கந்தோருக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. ரயில் நின்றுபோயிருந்தது, மின்சாரம் இல்லை, சவர்க்காரம் முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாம் தட்டுப்பாடு. கொழும்பிலிருந்து தபால் கப்பலில் வரும். சில வேளை மூன்று கிழமைக்கு ஒரு தடவை, சில வேளை அதுவும் இல்லை. வந்தால் ஊரே திருவிழாக் கோலம் கொள்ளும். கனடாவில் மகன், ஜேர்மனியில் மருமகன் என்று வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே இருந்தார்கள். தபாற்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வாசல் படலைக்கு ஓடி வருவார்கள். அவர்களை முந்திக்கொண்டு வருவது நாய்கள்.

அவரை நான் தபால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். காற்சட்டையின் இரண்டு கால்களையும் சைக்கிள் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார். வேலையில் சேர்ந்ததிலிருந்து பதினொரு கடி வாங்கியவர், ஒவ்வொன்றையும் பதக்கம் போலக் காட்டுவார். "படலையிலை நிண்டு, எங்கடை நாய் கடிக்காது, பயப்பிடாமல் வாங்கோ எண்டு சொல்லுவினம். அதைக் கேட்டு உள்ளை போய்த்தான் பதினொண்டும் வாங்கினனான்" என்பார். அதனால் நாய்களைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய சாத்திரமே இருந்தது. "ஊர்நாய் உன்ரை முகத்தைப் பாத்துத் தீர்மானிக்கும். டொபர்மன் எசமான்ரை முகத்தைப் பாத்துத் தீர்மானிக்கும். அல்சேஷன் ஒருத்தற்றை முகத்தையும் பாக்காது. பொமரேனியன் கண்ணாடியிலை தன்ரை முகத்தை மட்டும் பாக்கும்." இதை அவர் சொல்லும்போது கந்தோரில் முத்திரை வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். குட்டி எடுப்பவர்கள் அவரிடம் காட்டாமல் எடுக்க மாட்டார்கள். காதைத் தூக்கிப் பார்ப்பார், வாயைத் திறந்து அண்ணம் கறுப்பா சிவப்பா என்று பார்ப்பார், பிறகு தீர்ப்புச் சொல்லுவார். அந்தத் தீர்ப்புக்கு ஊரில் அப்பீல் கிடையாது.

தென்னந்தோப்புக்கு அருகில் இருந்த ஆரம்பப் பள்ளி ரீச்சருக்கு, கொழும்புக்குப் போன உறவினர் ஒருவர் ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியை விட்டுவிட்டுப் போனார். அதற்கும் தபால் அண்ணைதான் சான்றிதழ் கொடுத்தார். "ரீச்சர், இது கடிக்கிற சாதியில்லை. இது ஒருத்தரைக் கடிச்சால் நான் தபால் பையைக் கழட்டி வைச்சிடுறன்" என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னார். ரீச்சர் அதற்கு றோசி என்று பெயர் வைத்து, கழுத்தில் நாடா கட்டி, பிள்ளை போல வளர்த்தார். ஊரின் மற்றப் பக்கத்தில், வேலையிலிருந்து இளைப்பாறிய ரயில் ஸ்ரேசன் மாஸ்ரர் இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். அவரும் சீசர் என்ற அல்சேஷனும்தான் அந்தப் பெரிய வீட்டில். சீசர் படலைக்குப் பின்னால் எழும்பி நின்றால் அதன் தலை வேலிக்கு மேலே தெரியும். தபால் அண்ணை அந்தப் படலைக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. றோட்டில் நின்றே மணியடிப்பார், மாஸ்ரர் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வார்.

அன்றைக்குக் கப்பல் தபால் வந்து, பை வெடிக்கிற மாதிரிக் கடிதங்கள். தபால் அண்ணை பாட்டுப் படித்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது நொண்டினார், சப்பாத்து வரை இரத்தம். நான் கதறாத குறை. வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்த அரைத்துண்டுச் சவர்க்காரத்தை எடுத்துக் கிணற்றடியில் வைத்துக் காலைக் கழுவினேன். பதறியபடியே கேட்டேன், "அல்சேஷன்தானே?" அவர் என்னைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு "ம்" என்று ஒரு சத்தம் போட்டார். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. தனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்க வந்த கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பக்கத்தில் நின்றார். அவருக்கு அதுவே போதும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னமே மாஸ்ரரின் நாய் தபாற்காரரைக் குதறிவிட்டது என்று ஊர் முழுக்கக் கதை.

ஆஸ்பத்திரியில், கடித்தது வீட்டு நாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஓம் என்றிருக்கிறார். விசர்நாய்க்கடிக்கு, அதாவது வெறிநாய்க்கடிக்கு, மருந்து கைவிரலில் எண்ணுமளவுக்குத்தான் அப்போது இருந்தது. நாயைப் பத்து நாள் கவனி, சுகமாக நின்றால் பயமில்லை, நோய்ப்பட்டாலோ செத்தாலோ உடனே ஓடி வா என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர் வழக்கமோ தலைகீழ். கடித்த நாயை முதலில் அடித்துக் கொன்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பிறகு அதற்கு விசரா இல்லையா என்று யாரைக் கேட்பது? முந்தின மாதம் பக்கத்து ஊரில் ஒரு விசர்நாய் கன்றுக்குட்டியைக் கடித்து, கன்று செத்தும் போயிருந்தது. எல்லோருக்கும் பயம் தலைக்கேறியிருந்த நேரம்.

நாலாம் நாள் மூன்று மணியளவில் மனேச்சர் கந்தோருக்குள் வந்தார். வெளியே ஏழெட்டு இளைஞர்கள், கையில் தடி கொட்டன்களும் கயிறும். "தங்கச்சி, மாஸ்ரரின்ரை நாயை இண்டைக்கு முடிக்கப்போறம். எல்லாம் உங்கடை தபாற்காரருக்காகத்தான்" என்றார். "பத்து நாள் பாக்கச் சொன்னவையெல்லோ! நாய் செத்தால் அவருக்கல்லோ ஆபத்து?" என்றேன். "பாத்துக்கொண்டு நிண்டால் ஊரைக் கடிச்சு முடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். தபால் அண்ணை தடுத்தால் மட்டும்தான் கேட்பார்கள். அவர் எங்கே? பையை மாட்டிக்கொண்டு போயிருந்தார். கடிதம் ஒன்றும் இல்லையே, எங்கே போனார்? முதல் நாளும் வெறும் பையோடு ரீச்சர் வீட்டுப் பக்கம் போனதைக் கண்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கந்தோரைப் பூட்டக்கூட இல்லை. சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

ரீச்சரின் படலையடியில் தபால் அண்ணை குந்தியிருந்தார். கையில் ஒரு சிரட்டை நிறையத் தண்ணீர். அதை றோசியின் மூக்குக்கு நேரே பிடித்து, "குடியடி ராசாத்தி, ஒரு வாய் குடி. தண்ணிக்குப் பயப்பிடாதையடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். றோசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. விசர்நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்பார்கள்; ஆனால் இவர் ஏன் றோசிக்குத் தண்ணீர் காட்டுகிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அடுத்த கணம் அந்த நான்கு பற்தடங்களும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. குற்றியால் மூடிவிடக்கூடிய நான்கு தடங்கள்! சீசரின் வாய்க்குள் என் கைமுட்டியே போய்விடுமே. நான் என்ன கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தேன்? பார்த்தது கண் இல்லை, அல்சேஷன் என்றால் கடிக்கும் என்று கேட்டுக் கேட்டு ஊறிப்போன காதுதான் பார்த்தது.

"அண்ணை, உதுதானோ கடிச்சது?" என்று கத்தினேன். சிரட்டைத் தண்ணீர் முழுக்க அவர் காலில் கொட்டிவிட்டது. "மெதுவாக் கதை தங்கச்சி, ரீச்சர் உள்ளை நிக்கிறா" என்றார். "முகவரியை வாசிச்சுக்கொண்டு இதின்ரை சோத்துக்கோப்பையிலை காலை வைச்சிட்டன். என்ரை பிழைதான். ஆனால் இதை வெளியிலை என்னெண்டு சொல்லுறது? இந்தக் கட்டை நாய் என்னைக் கடிச்சதெண்டால் ஊரிலை நான் தலை காட்டேலுமே?" நான் மாஸ்ரர் வீட்டுக்குப் போனவர்களைச் சொன்னேன், கொட்டன்களைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முதலிலை அல்சேஷன் எண்டு வாய் விட்டது நான்தான் அண்ணை, வாங்கோ, கெதியா வாங்கோ!" என்று அழுதேவிட்டேன். அவர் நொண்டிக்கொண்டு போய்ச் சைக்கிளில் ஏறினார். அவ்வளவு வேகமாக அவர் மிதித்து நான் கண்டதில்லை. கப்பல் தபால் வந்த நாளில்கூட இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாஸ்ரர் படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மாமரத்தில் சீசர் சங்கிலியோடு நின்றது. யாழ்ப்பாணத்தில் நாய் வளர்க்கும் எல்லோரும் சொல்லும் அந்த வசனத்தை அவர் சொல்லவில்லை. "பத்து நாள் பொறுங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். தபால் அண்ணை சைக்கிளை நடு றோட்டில் போட்டார். கூட்டத்துக்கு முன்னால் நின்று காற்சட்டையை முழங்கால் வரை மேலே இழுத்துவிட்டு, "என்னைக் கடிச்சது இது இல்லை! ரீச்சரின்ரை றோசி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிறகு மனேச்சர், "மாஸ்ரரைப் பாத்துப் பாவப்பட்டுப் பொய் சொல்லாதையுங்கோ" என்றார்.

அப்போது தபால் அண்ணை செய்த காரியம் இருக்கிறதே! அத்தனை வருடமும் கால் வைக்காத அந்தப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நேரே மாமரத்தடிக்குப் போய், கடிபட்ட காலை நீட்டிக்கொண்டு சீசருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். "மாஸ்ரர், வாயைத் தூக்கிக் காட்டுங்கோ!" மாஸ்ரர் சீசரின் மேலுதட்டைத் தூக்கினார். அந்தப் பெரிய பற்களுக்குப் பக்கத்தில் தபால் அண்ணையின் கெண்டைக்கால். கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் காலை எடுக்கவில்லை. எல்லோரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கோரைப் பல்லுக்கும் மற்றக் கோரைப் பல்லுக்கும் இடையில் மூன்று விரல் அகலம். காலில் இருந்ததோ குழந்தை கடித்தது போல. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு ஒழுங்கை முழுக்க ஒரே சிரிப்பு. "அப்ப பையைக் கழட்டுங்கோ அண்ணை!" என்று ஒருவன் கத்தினான். தபால் அண்ணை எழுந்து, மரியாதையாகப் பையைக் கழற்றி மாஸ்ரரின் படலையில் கொழுவினார். நானும் சிரித்தேன், கண்ணீரும் வழிந்தது. அது அரசாங்கத்தின் பை என்பதால் அடுத்த நாள் காலையில் நானே எடுத்துப் போய் அவர் தோளில் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்று.

பத்தாம் நாளும் றோசி தண்ணீர் குடித்தது, சோறு தின்றது, தபால் அண்ணையைப் பார்த்துக் குரைத்தது. "எங்கடை றோசி கடிக்காது, விளையாட்டுக்குப் பல்லு வைச்சிருக்கும்" என்று ரீச்சர் கடைசிவரை சொன்னார். தபால் அண்ணையின் சாத்திரம் மட்டும் அன்றோடு சுருங்கிவிட்டது. குட்டியைக் கொண்டுவந்து, "இது கடிக்கிற சாதியோ?" என்று கேட்பவர்களிடம், "வாயிலை பல்லிருக்கோ?" என்று கேட்பார். இருக்கு என்பார்கள். "அப்ப கடிக்கும்" என்பார். முதலில் அல்சேஷன் என்று சொன்னது நான் என்பதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் அவரைத்தான் மாதக்கணக்கில் கேலி செய்தது, அவ்வளவையும் தன் தலையிலேயே வாங்கிக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் தீராத அன்பு.

ஆனால் என் மனம் அடங்கவில்லை. பதினோராம் நாள் மாஸ்ரர் மகனுக்குக் கடிதம் அனுப்ப வந்தார். சீசரை வெளியே தூணில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். வேறு ஒருவரும் இல்லாத நேரம். "மாஸ்ரர், முதலிலை உங்கடை நாய்தான் எண்டு சொன்னது நான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் முத்திரையை நனைத்து, கடிதத்தின் மூலையில் வைத்து, பெருவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டு நின்றார்.

"நீர் வெளியாள் பிள்ளை. என்னை என்ன சொல்லுறது?" என்றார். "அண்டைக்குச் சனம் வந்து சொன்ன உடனை நானும் நம்பினனான். ஒன்பது வருசம் என்ரை கையாலை சோறு திண்ட நாய். ஏன் கடிச்சனீ, ஏன் கடிச்சனீ எண்டு கேட்டுக் கேட்டு பெல்ற்றாலை அடிச்சனான். அது கத்தேல்லை. என்னைக் கடிக்கவுமில்லை."

கடிதத்தை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார். சங்கிலியை அவிழ்த்தார். சீசர் எழுந்து உடம்பை உதறிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவரோடு வீட்டுப் பக்கம் நடந்தது.