மூன்றாம் ஓலை வரைக்கும் ஆட்டோவில்

திருத்தணி மலைக்கு ஆட்டோ ஓட்டும் பூபாலன், வாரம் ஆறு நாள் முருகனுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் வெள்ளைச் சட்டையுடன் சர்ச்சுக்குப் போகும் கிறிஸ்தவர். இரு தரப்பிலிருந்தும் இதுவரை புகார் வந்ததில்லை. ஆனால் வரலாறு அவரைக் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொரு சாதனைக்காக. சொந்த வீடு இருந்தும், அதன் வாசலில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆட்டோவுக்குள் படுத்த பெருமை ஊரில் வேறு எவருக்கும் கிடையாது.

கொரோனா வந்த வருஷம் அது. அரக்கோணத்து ஷோபனாவோடு அவருக்கு நிச்சயமாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டா என்று மூன்று ஞாயிறு சபை முன்னால் போதகர் ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதற்குள் சர்ச்சுக்கே பூட்டு விழுந்தது.

ஷோபனா இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுதியை மூடிவிட்டார்கள், ஊருக்குப் போக ரயில் இல்லை. நர்ஸுகளுக்காக மாடியில் நின்று கைதட்டிய ஊரில், நர்ஸுக்கு ஓர் அறை தர ஒருவருக்கும் மனம் வரவில்லை. பெற்றோரை இழந்து தனியாக இருந்த பூபாலன், வீட்டுச் சாவியை ஷோபனாவிடம் கொடுத்துவிட்டுத் தலையணையோடு ஆட்டோவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஸ்டாண்டு நண்பர் முரளிதரனுக்கு இது பொறுக்கவில்லை.

“இன்னாடா மச்சான், ரெண்டு ஓலை ஆயிடுச்சி. முக்கால்வாசி புருசன் நீ. உள்ள போய் படேன்.”

“மூணாவது ஆவட்டும்.”

“பாஸ்டரை போன்ல படிக்கச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு, தடை இல்லன்னு நான் சொல்றேன்.”

“சபை முன்னாடி படிக்கணும்பா.”

“உனக்கு ஆசையே இல்லியா?”

“இல்லாமயா ஆட்டோவுல படுத்துகினு இருக்கறேன்?”

“அப்ப பயமா?”

“பயம் இல்லடா. கர்த்தர் முன்னாடி நின்னு, என்னையே உனக்குக் குடுக்கறேன்னு அவகிட்ட சொல்லணும். முன்னாடியே குடுத்துட்டா, அன்னிக்கு இன்னாத்த குடுக்கறது?”

முரளிதரன் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ஆட்டோவுக்குத் திரும்பினார். அவர் வாழ்வில் இது அரிய நிகழ்வு.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் சுருண்டிருந்த பூபாலன் முன்னால் ஷோபனா குடையோடு வந்து நின்றார்.

“பாதி நனைஞ்சிட்டீங்க. உள்ள வாங்களேன்.”

கதவு திறந்திருந்தது. குழம்பு வாசனை வந்தது. அத்தனை நாள் உறுதியும் அந்த ஒரு நிமிஷத்தில் ஆட்டம் கண்டது.

“நீ போ ஷோபனா. நான் வந்தா அப்றம் வெளிய வர மாட்டேன்.”

ஷோபனா போகவில்லை. குடையை மடக்கிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில் பாரைப் பிடித்தார்.

“எங்க சார் போவணும்?”

“சர்ச்சுக்கு.”

“பூட்டிக்கீது. வேற?”

“அப்ப இங்கியே நில்லும்மா. வெய்ட்டிங் சார்ஜ் போட்டுக்கோ.”

மழை விடும்வரை இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து பேசினார்கள். தேனிலவுக்கு எங்கே போனீர்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அந்த மழையைத்தான் சொல்கிறார்கள்.

செப்டம்பரில் சர்ச் திறந்தது. முகக்கவசத்தோடு போதகர் மூன்றாம் ஓலையை வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்றார். பின்வரிசையில் முரளிதரன் எழுந்தார். சபை திகைத்தது.

“தடைலாம் இல்லீங்க ஐயா. சீக்கிரம் முடிச்சி உடுங்க. பையனுக்கு முதுகு போயிடுச்சி.”

கல்யாணத்தன்று சாயங்காலம் ஷோபனா வீட்டுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார்.

“இன்னாங்க அங்கியே நின்னுகினு? வாங்க.”

பூபாலன் செருப்பைக் கழற்றினார்.