ராகவனின் காக்கிச் சட்டை

எருமை மேல் மழை பெய்த மாதிரி என்று சொல்கிறவன் எருமை வளர்த்திருக்க மாட்டான். வளர்த்திருந்தால் தனகோடியின் கல்யாணியைப் பற்றித் தெரிந்திருக்கும். திருப்போரூரை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில், பதினாலு வருஷம் அவள் புருஷன் ராகவன் ஒருவன் கைக்குத்தான் அது பால் கொடுத்தது. மூன்று நாள் காய்ச்சலில் அவன் போனதும் பாலை அடக்கிக்கொண்டது. ஐந்தாம் நாள் தனகோடி, துவைக்காமல் கிடந்த அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணி முகர்ந்து பார்த்தது. மடி இறங்கியது.

அதிலிருந்து அந்தச் சட்டைக்குத் தண்ணீர் காட்டியதில்லை. சட்டையில் ராகவன் இருந்தான். அதைப் போட்டுக்கொள்ளும் அரைமணி நேரம் தனகோடிக்கும் துணை இருந்தது.

பிறகு ஊரில் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் குழு சேர்ந்து, ஞாயிறுதோறும் மாமல்லபுரம் வருகிற பட்டணத்து ஆட்களை ஊருக்குள் அழைத்து வந்தார்கள். ஒரு வீட்டில் சாப்பாடு, ஒரு வீட்டில் வண்டி சவாரி, தனகோடி வீட்டில் எருமை கறப்பது. சட்டைக் கதை எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. கேட்கவா வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கறக்க வேண்டுமாம்!

"குடுக்கா, போட்டோ எடுத்துகினு போவட்டும்," என்றாள் குழுத் தலைவி சியாமளா. "பன்னண்டு வூட்டுப் பொழப்பு இதுல கீது."

தனகோடி கொடுத்தாள். கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு. ஒவ்வொரு ஞாயிறும் ராகவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனான்.

ஒரு திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவள் சட்டையோடு உட்கார்ந்தபோது, கல்யாணி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தனகோடி காலரை மூக்கில் வைத்துப் பார்த்தாள். சென்ட்டு வாசனை, வெயிலுக்குப் பூசுகிற க்ரீம் வாசனை. எந்த மூலையிலும் அவன் இல்லை.

"இன்னொரு தபா செத்துட்டியா?" என்று வாய்விட்டு அழுதாள். சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கறவை வாளியோடு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணி காதை நிமிர்த்தியது. வாசல் படலையே பார்த்தது. ராகவன் சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிற நேரம் அது. படலருகே ஈ காக்கை இல்லை. ஆனாலும் கல்யாணி தொண்டைக்குள் மெல்ல முனகியது, அவனைக் கண்டால் மட்டும் முனகுகிற மாதிரி. கை படாமலே காம்பிலிருந்து பால் சொட்டியது.

தனகோடிக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பினால் போய்விடுவானோ என்று பயம். தலையைக் குனிந்துகொண்டே வாளி நிறையக் கறந்தாள்.

அடுத்த ஞாயிறு சியாமளா தயங்கித் தயங்கிச் சட்டையைக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. அது வெறும் துணி," என்றாள் தனகோடி. "ஆனா படலாண்ட மட்டும் யாரும் நிக்கக் கூடாது, சொல்ட்டேன். மூணு மணிக்கு வழி வுடணும்."