சிவப்பு வெளிச்சத்தில் அம்மாவின் நெற்றி

பேத்தி கைபேசி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்தாள். நட்சத்திரம் பார்க்க இந்த வெளிச்சம்தான் கண்ணைக் கெடுக்காதாம். எனக்கா தெரியாது?

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிப் போன இரண்டாம் வருஷம், செவ்வாய் பூமிக்குக் கிட்டே வந்திருந்தது. டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அப்பா, இருட்டறையின் சிவப்பு விளக்கை, டவுனுக்கு வெளியே சாரத்தில் இருந்த எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தூக்கி வந்தார். அதில் படம் கழுவும் மருந்தின் நெடி அடித்தது. சுற்றிலும் வயல், தவளைச் சத்தம். அம்மா கடைசியாக ஏறி வந்து விளக்கருகே குனிந்தாள். சாயங்காலம் என் கண் முன்னால் வைத்த குங்குமம் அவள் நெற்றியில் இல்லை.

அலறிக்கொண்டே பக்கத்தில் கிடந்த டார்ச்சை அடித்தேன். பொட்டு அதே இடத்தில் இருந்தது.

"போச்சு! இனி கண்ணு பழக அரைமணி நேரம் ஆவும்," என்றார் அப்பா.

"ஏன்டி கத்தன?" என்றாள் அம்மா.

"உன் நெத்தியில பொட்டக் காணும்மா."

"செவப்பு வெளிச்சத்துல செவப்பு தெரியாது, அவ்ளோதான்," என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். அப்புறம் இருட்டில் அவள் மாடிக்கு வந்ததேயில்லை. அப்பா என்னவோ அதற்குப் பிறகு முப்பது வருஷம் நன்றாகத்தான் இருந்தார்.

இப்போது மகள் காபியோடு வந்து பேத்தியின் விளக்கருகே குனிந்தாள். அவள் புருஷன் பிரான்ஸ் பட்டாளத்தில் இருக்கிறார். கோயிலில் வைத்துவந்த குங்குமத்தைக் காணோம். வெறும் வெளிச்சம்தான், தெரியும். ஆனாலும் கட்டைவிரலால் அவள் நெற்றியைத் தடவினேன். பொடி நெருடியது. விரலைப் பார்த்தால் அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை இன்னைக்கு போன் பண்ணாராடி?" என்று கேட்டேன்.