நார்மல் அண்ணனின் மூக்கு

எங்கள் நரம்பு ஆராய்ச்சி நிலையத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் நார்மல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வேலை கொடுத்த பெயர் அது. நோயாளியின் மூக்கு எவ்வளவு மந்தம் என்று அளக்க வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான மூக்கு ஒன்று வேண்டுமே! ஒருநாள் அதற்கென்று வரவேண்டிய ஆள் வரவில்லை. பெரிய டாக்டரம்மா லிஃப்டுக்குள்ளிருந்து இவரை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். நீட்டிய வாசனைக் குப்பிகளையெல்லாம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே மோந்து சரியாகச் சொல்லிவிட்டார். அன்று முதல் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் சும்மா நார்மல் இல்லப்பா, டாக்டருங்க பாத்து ஒத்துக்கிட்ட நார்மல்" என்பார் லிஃப்டில் ஏறுகிறவர்களிடம். நாலாவது மாடி வருவதற்குள் முழுக்கதையையும் கேட்டே ஆகவேண்டும். பாதியில் இறங்கவும் வழியில்லை.

நாளடைவில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக வரும் குப்பிகள் நோயாளிகளிடம் போகும் முன் அண்ணனிடம் போகும். அவர் தலையாட்டினால் பரிசோதனை அறைக்கு. உதட்டைப் பிதுக்கினால் மூலையிலுள்ள கழிவுப் பெட்டிக்கு. இதற்கு ஒரு கருவி வாங்கலாமே என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். "அண்ணன் இருக்கும்போது எதுக்கு?" என்று டாக்டரம்மா அடைத்துவிட்டார்.

பொருள் வாங்குவது என் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் அண்ணன் உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தார். கிராம்பு சரியில்லை என்றார். சோப்பு செத்துப்போச்சு என்றார். மண்ணெண்ணெய் வெறும் தண்ணீர் என்றார். குப்பி அனுப்புகிறவனைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். அவன் மாற்றி அனுப்பினான். அதுவும் கழிவுப் பெட்டிக்குத்தான் போனது.

"சார், ஒவ்வொண்ணையும் நானே மோந்து பாத்துதான் அனுப்புறேன்" என்று கெஞ்சினான்.

"அப்ப உன் மூக்கையும் கழட்டி அனுப்பு, அதையும் பாத்துடலாம்" என்றேன்.

இத்தனை படித்த கூட்டத்தில், கோளாறு குப்பியில் இல்லை, மூக்கில் இருக்கலாம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

அதற்கு அண்ணி வரவேண்டியிருந்தது. அண்ணன் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், அண்ணன் குப்பி மோந்துகொண்டிருந்த அறைக்குள் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கு அந்த வாடை எப்போதோ பழகிப்போயிருந்தது.

"என்னங்க இது, மண்ணெண்ணெயும் கிராம்புமா குடலைப் பொரட்டுது! எப்படித்தான் இங்க உக்காந்திருக்கீங்க?"

"எங்கேருந்தும்மா வருது?" என்றார் அண்ணன்.

அண்ணி கழிவுப் பெட்டியைக் காட்டினார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "முந்தாநாள் பால் தீஞ்சு வீடே நாறிச்சு டாக்டர். இவர் அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். எல்லாம் திமிருன்னு நெனச்சு திட்டித் தீத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்ததே அதைத்தான். கை நடுங்கும் நோய் தெரிய வருவதற்குப் பல வருஷம் முன்பே சிலருக்கு வாசனை போய்விடும். டாக்டரம்மா நோயாளிகளுக்கு இதை விளக்கும்போதெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எங்களைவிட அவருக்கு அது நன்றாக மனப்பாடம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். அவர் கை நடுங்கவில்லை.

"சளி பிடிச்சாலும் வாசனை போகும் அண்ணே. மூக்குல சதை வளந்தாலும் போகும்" என்றார் டாக்டரம்மா.

மூக்கு டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். சளியும் இல்லை, சதையும் இல்லை. இனி அண்ணனை நோயாளியாக உட்காரவைத்து முறையாகச் சோதிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வேண்டுமே? ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஏறக்குறைய ஒரே வயது. டாக்டரம்மா அண்ணியைக் கேட்டார்.

"இத்தனை வருஷமா இவரையா நார்மல்னு வச்சிருந்தீங்க? என்னைக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே" என்றபடி அண்ணி உட்கார்ந்தார்.

முதலில் அண்ணன். குப்பி மாற்றிக் குப்பி நீட்டினார்கள். பாதிக்கு மேல் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. கிண்டலாகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியின் முகம் மெல்ல மாறியது.

அடுத்து அண்ணி. கிராம்புக் குப்பியை மோந்தார். "ஒண்ணும் வரலையே" என்றார். மண்ணெண்ணெயை மோந்தார்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுவும் தண்ணியாட்டம்தான் இருக்கு. குப்பியெல்லாம் கெட்டுப்போச்சு டாக்டர், வேற வாங்குங்க."

அப்படியானால் அண்ணன் மூக்குக்கு ஒன்றுமில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குப்பிக்காரனைத் திட்டப் போனைக்கூட எடுத்துவிட்டேன்.

"எழுதாதீங்க டாக்டர். இவ பொய் சொல்றா" என்றார் அண்ணன்.

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"மண்ணெண்ணெயை மோந்ததும் உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேனே."

"உங்களுக்காகத்தாங்க சொன்னேன்."

"தெரியுதும்மா. ஆனா நார்மல் ஆளுக்கே வாசனை வரலைன்னு எழுதிட்டா, நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் வரும்போது, 'உனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போ'ன்னு அனுப்பிடுவாங்க."

அண்ணன் எழுந்துபோய், கிராம்புக் குப்பியைத் தானே திறந்து அண்ணியின் மூக்கருகே பிடித்தார்.

"சொல்லு."

"கிராம்பு" என்றார் அண்ணி, அழுதுகொண்டே.

"நல்லா வாசமா இருக்கா?"

"இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு."

"எழுதிக்கங்க டாக்டர்" என்றார் அண்ணன்.