ஃபிலிம் டப்பாவில் ஒரு முழம் டேப்

முரளி அண்ணன் போய்விட்டாராம்... காலையில் ஆரணியிலிருந்து அம்மா போன் செய்து சொன்னாள். நெஞ்சுவலி. வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

ஊர்க்காரங்களுக்கு ஆளைச் சொன்னால் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கடை வைத்திருந்தவர். முதலில் கேசட், அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி.

பெங்களூரில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன். அழுகை வரவில்லை. கோபமாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

அவர் கடையில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் உண்டு. புதுப்பட கேசட் வந்தால் ஒரிஜினல் அட்டை அதற்குள் போய்விடும், நமக்கு ஜெராக்ஸ் அட்டைதான். ஹீரோ படம் போட்ட கீ செயின், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த குட்டி பொம்மைகள், பாக்கெட் காலண்டர்... எவ்வளவு கெஞ்சினாலும் தரமாட்டார்.

"கண்ணால பாத்துக்கோ பாப்பா. கை வெக்காத."

அந்தப் பொம்மைகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு ஃபிலிம் ரோல் டப்பா இருந்தது. அது எங்களுடையது.

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு முரளி அண்ணன் சைக்கிள் கேரியரில் வீடியோ டெக்கைத் துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார். புதுப்படம் பார்க்கத் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

படத்துக்கு முன்னால் அம்மா அத்தையின் கல்யாண கேசட்டைப் போடுவாள். அதில் அப்பா ஒரே ஒரு இடத்தில் வருவார். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர் கேமராவைப் பார்த்துவிட்டு, வேணாம் வேணாம் என்று கையை ஆட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் அப்பா தவறிவிட்டார். அசையும் அப்பா எங்களுக்கு வேறு எங்கேயும் இல்லை.

அம்மா அந்த இடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டுவாள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், படம் லேட்டானாலும்... டேப் எத்தனை நாள் தாங்கும்? ஒரு அமாவாசை அன்று சரியாக அந்த இடத்திலேயே அறுந்தது.

இனிமேல்தான் கூத்து. தறியில் பாவு இழை அறுந்தால் அம்மா யாரையும் கூப்பிடமாட்டாள். சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் முறுக்கி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தறியை ஓட்டுவாள். டேப்புக்கும் அதையேதான் செய்தாள்.

நல்ல முடிச்சு. பட்டாக இருந்தால் தேடினாலும் தெரியாது.

டெக்குக்குள் போனதும் கடகடவென்று ஒரு சத்தம்... படம் நின்றது. அம்மா முகம் செத்துவிட்டது.

முரளி அண்ணன் வந்து டெக்கைத் திறந்தார். சாம்பலும் கசங்கின டேப்புமாக இருந்ததைப் பார்த்துத் திட்டுவார் என்று நினைத்தோம். "அக்கா, இது இன்னா தறியா?" என்று மட்டும் கேட்டார். சிரிக்கக்கூட இல்லை.

கசங்கிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டிக் கொடுத்தார். கேசட் ஓடியது. பந்தி வந்தது, இலை வந்தது... அடுத்து நேராக மொய் எழுதுகிற இடம். அப்பா இல்லை.

வெட்டின துண்டு ஒரு முழம் இருக்கும். "இத்த இப்ப ஓட்டினா மிஷினே பூடும்க்கா. தூக்கிப் போடல, பத்திரமா வெக்கிறேன். அடுத்த மிஷின் வரட்டும், பாக்கலாம்" என்று டப்பாவில் போட்டு மூடினார்.

விசிடி வந்தது. அம்மா கடைக்குப் போனாள். "முரளி, இதுல ஒட்டிக்குமா?" "அடுத்தது வரட்டும்க்கா."

டிவிடி வந்தது. மறுபடி போனாள். அதே பதில். ஆரணியில் எந்தப் புது மிஷின் இறங்கினாலும் முதலில் போய் விசாரிப்பது என் அம்மாதான். தெருவில் கிண்டல் செய்வார்கள்.

நான் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த பிறகு ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "அது இனிமே வராது இல்லண்ணா?"

"வராது பாப்பா."

"அப்ப எதுக்கு எங்கம்மாவ இப்படி அலைய வுடுறீங்க?"

ஒரு டிஸ்க்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, நீ போய்ச் சொல்லிடு. நான் குறுக்க வரல."

நான் சொல்லவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர்மேலேயே வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

மதியம் அம்மா மறுபடி போன் செய்தாள். சாவு வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள்.

"ஷோகேஸ் சாமானெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டுட்டாங்களாம். இந்த டப்பாவ மட்டும் பீரோல வெச்சிருந்தான்டி. அவன் புள்ள அழுதுகினே எடுத்தாந்து குடுத்தான்..."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏண்டி... இப்ப இன்னாவோ நீலக் கலர்ல ஒரு டிஸ்க்கு வந்துகீதுன்னு டிவில காட்டினானே. பெங்களூர்ல அதுக்கு மிஷின் இருக்கும் இல்ல? அதுல ஒட்டிக்குமா?"

கேன்டீனில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.

"இல்லம்மா, அது வேற... அடுத்த மிஷின் வரட்டும், பாக்கலாம்."

"சரிடி" என்று வைத்துவிட்டாள்.

போய் வாங்க முரளிண்ணா. டப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.