பெயர் சலிக்கும் ஸ்க்ரிப்ட்

தேயிலைத் தூளைச் சலிக்கத் தொழிற்சாலையில் இயந்திரம் இருக்கிறது. வலைப்பதிவுக்கு வந்து சேரும் எழுத்தைச் சலிக்க, பதிவு நடத்தும் நம்மைப் போன்ற பாவிகளுக்கு இரண்டு கண்கள்தான் இருக்கின்றன.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையிலிருந்து, தோட்டத் தொழிலாளருக்காக வலைப்பதிவு நடத்துகிறேன். கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. துண்டுப்பிரசுரம் வாசித்து அரசியல் கற்றேன். துண்டுப்பிரசுரம் அச்சடித்து உள்ளேயும் போனேன். என்னோடு கோஷம் போட்டவர்களில் பலர் இன்று வாகனத்தில் போகிறார்கள். நான் வாட்ஸ்அப் செய்திகளின் தலையில் ஒட்டியிருக்கும் தேதியையும் நேரத்தையும் பெயரையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். தேதி தங்கிவிட்டால் அசிங்கம், அவ்வளவுதான். பெயர் தங்கிவிட்டால் ஆபத்து. எழுதியது யாரென்று தோட்டத்துக்குத் தெரிந்தால், மறுநாள் காலை பெரட்டில் வேலை பிரிக்கும்போது அவர் அனுபவிப்பார். கை தவறிவிடுமோ என்ற பயத்தில்தான், கணினியே அந்த வேலையைச் செய்ய ஸ்க்ரிப்ட் எழுதக் கற்றேன். கற்ற பிறகு பயம் இடம் மாறியது, குறையவில்லை.

பிரமுகரின் முகவரி

நம்மவர்கள் கணினியில் தட்டிய தமிழில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கிறது. அப்படியே பதிவில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் சந்தைக்கு வந்த கூட்டம் போல் நிற்கும். அதை யுனிகோடுக்கு மாற்ற ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். முதல் வெற்றி தந்த திமிரில், முன்னாள் தோழர் ஒருவர் அனுப்பிய நீண்ட உரையை அதற்குள் தள்ளினேன். அவர் இப்போது ஒரு கட்சியில் பிரமுகர்.

உரை சுத்தமாக வந்தது. அடியில் இருந்த அவருடைய மின்னஞ்சல் முகவரி ஆங்கிலம் என்று ஸ்க்ரிப்டுக்கு யார் சொன்னார்கள்? அதையும் விடாமல் தமிழாக்கி, வாயில் நுழையாத எழுத்துக் குவியலாக்கிவிட்டது. மாலையில் போன் வந்தது: “என்ன தோழர், என் ஈமெயிலை கோயில் மந்திரம் மாதிரி ஆக்கிப்புட்டீங்க, இனி எனக்குக் கடிதம் போடுறவன் உடுக்கு அடிச்சிக்கிட்டா போடுவான்?”

ஒரே பத்தி

பழைய பதிவுகளில் தேவையில்லாத வெற்று வரிகள் நிறைய. எல்லாவற்றையும் இன்னொரு ஸ்க்ரிப்ட் வைத்து ஒரே தட்டில் நீக்கினேன். பிரதி எடுத்து வைக்கவில்லை. போராட்டக்காரன் பின்வாசல் வைத்துக்கொண்டா போராடுவான்? வெற்று வரிகளோடு பத்திகளும் போயின. பதிவுகள் அத்தனையும் மூச்சு விடாமல் பேசும் கிறுக்கன் போல் ஒரே பத்தியாகிவிட்டன. கையால் பிரித்து முடிப்பதற்குள் தோள்பட்டை செத்துவிட்டது.

எனக்கு எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறவர் தேவராசா மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆசிரியர். நான் பத்தி பிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஐசே, கத்தியைத் தீட்டிப்போட்டு முதல் வெட்டை உங்கட விரலிலையோ வெட்டிப் பாக்கிறது?”

ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா

இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு காலை வந்திருக்கும். வராதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

திம்புள்ள பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கண்டபடி கழிக்கிறார்கள். நான்கு பெண்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். பெயர் வரக் கூடாது என்பதுதான் பேச்சு. மூன்று பேருடைய செய்திகளைப் பிரதி எடுத்து ஒட்டினேன். அப்படி எடுத்தால் தேதியும் நேரமும் சதுர அடைப்புக்குள் வரும், அதையொட்டிப் பெயர் வரும். ஸ்க்ரிப்ட் அடைப்பைத் தேடிப் பிடித்து, பெயரோடு சேர்த்து வெட்டிவிடும். நான்காமவள் சரோஜா நிறைய எழுதியிருந்ததால், அவள் உரையாடலை முழுக் கோப்பாக இறக்கினேன். கோப்பில் அடைப்பு வராது என்பது எனக்குத் தெரியாது. தேடியது கிடைக்காததால் ஸ்க்ரிப்ட் எதையும் வெட்டவில்லை. முறைப்பாடும் செய்யவில்லை. இரவோடு இரவாகத் தானே பதிவேற்றியும் விட்டது. அப்படித்தான் பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

வெறும் ‘சரோஜா’ என்று வந்திருந்தால் தோட்டத்தில் பல சரோஜாக்கள். ஆனால் சங்க வேலை செய்த கை இது. யாரைச் சேர்த்தாலும் எந்தப் பிரிவு, எந்த லய வரிசை, அதில் எத்தனையாவது அறை, அதாவது காம்பரா என்று குறித்து வைப்போம்; ஆளைத் தேடிப் போக வேண்டுமே. போனிலும் அப்படியே சேமித்திருந்தேன். காலையில் மாஸ்டர் போன் எடுத்தார். குரலில் கேலி இல்லை: “ஐசே, உந்தப் பிள்ளையின்ர காம்பரா நம்பரையும் ஏன் பதிவில போட்டனீங்கள்?”

அட்டை மலை

பதிவை அழித்தேன். அதற்குள் படம் பிடித்துத் தோட்டமெல்லாம் அனுப்பியிருந்தார்கள். மாலை பஸ்ஸில் சரோஜாவின் லயத்துக்குப் போனேன். பொலிஸ் ஜீப்பில் போனபோதும் பாதை இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

சரோஜா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தொழிற்சாலைக்குப் பக்கத்து நல்ல மலையிலிருந்து அவளை மட்டும் எடுத்து, கடைசியில் இருக்கும் செங்குத்து மலையில் போட்டிருக்கிறார். அங்கே கொழுந்து குறைவு, இரத்தம் உறிஞ்சும் அட்டை அதிகம். எவ்வளவு ஓடிப் பறித்தாலும் நிறை சேராது, அரைநாள் சம்பளம்தான். நான் அடைப்புக்குறியை விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க ஜெயிலுக்குப் போய் வந்தப்ப மாலை போட்டாங்க தலைவரே, எனக்கு அட்டை மலை போட்டிருக்காங்க.”

முள்

மறியல் செய்வோம், சுவரொட்டி ஒட்டுவோம் என்றேன். “நீங்க பேசாம இருங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். அவள் பெயர் மட்டும் வெளியே நின்றால் அவள் தனி ஆள். மற்றவர்களும் பெயர் போட்டால் எத்தனை பேரை அந்த மலைக்கு அனுப்புவார்கள்? இரண்டு பேர் சம்மதித்தார்கள். மூன்றாமவளின் மகனுக்குத் தோட்ட ஆபிஸில் வேலை. அவள் தலைகுனிந்தாள். “அவ பேரு வேணாம், விடுங்க” என்று சரோஜாவே முடித்து வைத்தாள்.

மூன்று பெயர் நிற்க வேண்டும், ஒரு பெயர் போக வேண்டும். அதற்கும் ஸ்க்ரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சரோஜா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பினாள்: “தராசுக்காரன் சொன்னதை நம்பித்தானே இம்புட்டு நாளும் ஏமாந்தோம், இப்ப நீங்களும் ஒரு தராசு வச்சிருக்கீங்க, மொதல்ல முள்ளைக் காட்டுங்க.”

கையால் தட்டி, நால்வருக்கும் உரக்க வாசித்துக் காட்டி, நேற்றுப் பதிவேற்றினேன். இன்றைய பெரட்டில் என்ன நடந்தது என்று இன்னும் செய்தி வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஆயுள் முழுக்க எந்தத் துரைக்கும் பயப்படாதவன், தன் கையாலேயே எழுதிய சில வரி ஸ்க்ரிப்டுக்குப் பயந்து நடுங்குவதுதான் தோழர்களே, இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.