என் நெல்லில் வடித்த பீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாதவன் நான். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. அப்படிப்பட்டவன், பீர் வடிக்கிற கம்பெனிக்குப் போய் வந்த கதையை எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். முன்பு ஒருமுறை பேனாவை எடுத்துப் பிள்ளையார் சுழியும் போட்டேன். இந்தச் சுழிக்குக் கீழே இதையா எழுதுவது என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குத் திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் நாகப்பட்டினம் வண்டியைப் பிடித்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மாற்று வேட்டி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், மகளுக்குப் புது அரிசி நாலு படி. டீக்கடையில் கேட்டவர்களிடம் ‘திருநள்ளாறு’ என்று சொல்லியிருந்தேன். பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எண்ணெய்.

உண்மையான காரணம் இதுதான். என் ஒரே மகள் பூங்கொடியைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை சரவணன் பெங்களூரில் பீர் வடிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, காரைக்காலில் சொந்தமாக ஆரம்பித்தவர். அந்த ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அங்கே அதற்கு அனுமதி கிடைத்தது. பெண் பார்க்க வந்தபோது ‘பானம் தயாரிக்கிற தொழில்’ என்றார்கள். நான் பன்னீர் சோடா என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் தெரிந்தபோது பத்திரிகை அடித்தாகிவிட்டது.

கல்யாணமான வருஷமே என் வயலில் விளையும் தூயமல்லி நெல் வேண்டும் என்று மகள் மூலமாகச் சொல்லி அனுப்பினார். பார்லியோடு அந்த அரிசியையும் சேர்த்து ஒரு பீர் வடித்தார். நல்ல கசப்பாம். காரைக்காலில் கம்பெனி பெயர் எடுத்ததே அதனால்தான் என்றாள் மகள். பெருமைப்படுவதா, காதைப் பொத்திக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. ஒவ்வொரு அறுவடையிலும் கோயிலுக்கு அளக்கிற நெல்லை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே அவருடைய மூட்டைகளைத் தைக்கச் சொல்வேன். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசி வழக்காட மாட்டார்கள். கேட்க வேண்டியதைப் பெண்ணிடம் கேட்பார்கள். ஆள் பக்கத்திலேயே நின்றாலும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் மாமனார் ஒன்று சொல்லிவிட்டால் மாப்பிள்ளை அதை மறுக்க மாட்டார். அதுதான் மரியாதை.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். “இங்க உட்கார்ந்து குடிக்கிற கூடத்துக்கு ஆளே வரலைப்பா. இப்ப எல்லாரும் இனிப்பாத்தான் கேக்குறாங்க. மாங்காய், அன்னாசின்னு கலர் கலரா. கசப்பைத் தொட ஆளில்லை. சனிக்கிழமை புதுச்சேரியிலேர்ந்து ஒரு ஹோட்டல்காரர் வர்றார். அவர் எடுத்தா கம்பெனி நிக்கும். இல்லேன்னா சித்திரையோட பூட்டுதான். ஏழு குடும்பம் இருக்கு இதுல. உங்க மாப்பிள்ளை என்னடான்னா அரிசி பீரை விடவே மாட்டேங்கறாங்க. உங்க நெல்லுங்கறதாலதான் விட முடியாம தவிக்கிறாங்கன்னு நினைக்கிறேன். நீங்க வந்தா ஏதாவது வழி பொறக்கும்.”

வண்டி கிளம்பிச் சற்று நேரத்தில் பொழுது வெளுத்தது. அறுவடை முடிந்த வயல்களில் தாளுக்கிடையே உளுந்து இரண்டிலை விட்டிருந்தது. கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் அம்பாரமாகக் கிடந்தது, தார்ப்பாய்க்கு மேல் பனி. வேளாங்கண்ணியில் காவி உடுத்திய தவக்கால யாத்திரிகர்கள் ஏறினார்கள். காலில் செருப்பு இல்லாமல் நடந்து வந்த கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, “விரதம்னாலும் பழம் தின்னலாம் அண்ணே” என்றார். வாங்கிக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் காரைக்கால் வண்டி மாறினேன். நாகூர் தாண்டியதும் நடத்துநர் என் பையைத் தட்டிப் பார்த்தார்.

“எண்ணெயா? அப்ப சரி. இந்த வண்டியில ரெண்டு ஜாதிதான் சாமி. சனியைத் தொலைக்கப் போறவங்க, சனியைப் பிடிக்கப் போறவங்க.”

பின் சீட்டில் வெறும் பையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், “நாங்க ரெண்டாவது ஜாதி. ஆனா வாஞ்சூர்லயே இறங்கிடுவோம், உங்களுக்குத் தொந்தரவு இல்லை” என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் எந்த ஜாதி என்று எனக்குள் கேட்டுக்கொண்டபோது சிரிப்பு நின்றது. புதுச்சேரி எல்லை ஆரம்பிக்கிற வாஞ்சூர் சோதனைச் சாவடி அருகில் அவரும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும் இறங்கி, வரிசையாக இருந்த ஒயின் ஷாப்புகளைப் பார்த்து நடந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்குக் காரைக்கால். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் திருநள்ளாறு. நளன் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு நீண்ட வரிசையில் நின்றேன். சனீஸ்வரர் சன்னதியில் கம்பெனியின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யத் துணிவு வரவில்லை. மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் நட்சத்திரத்தோடு சொன்னேன். ‘அந்தப் பிள்ளைக்கு என்னால் ஒரு சங்கடம் இருந்தால் அது இன்றோடு தீரட்டும்’ என்று வேண்டிக்கொண்டேன். இந்த வேண்டுதலை ஞாபகமாகத்தான் எழுதுகிறேன். சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது.

பதினொன்றரை மணிக்குக் கம்பெனி. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் தகரக் கூரை போட்ட கட்டடம். முன்பக்கக் கூடத்தில் மேஜை நாற்காலிகள் துடைத்து வைத்திருந்தன, ஒருவரும் இல்லை. உள்ளே நுழைந்ததும் வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் நெல் அவிக்கும்போது வருமே, அதே வாசனை. சாராய நெடிக்கு மனதைத் தயார் செய்துகொண்டு போனவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆள் உயரத்துக்கு மேல் நான்கு எஃகுத் தொட்டிகள். பூஜை அறைப் பாத்திரம் போலத் தேய்த்து வைத்திருந்தார்கள். இரண்டில் அரிசி பீர், இரண்டில் மாங்காய். அரிசி பீர் பக்குவமாக ஒன்றரை மாதம் தொட்டியில் கிடக்க வேண்டுமாம். மாங்காய் இரண்டு வாரத்தில் தயார். காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா நடக்கிற ஊரில் மாங்காயைப் போட்டா இதைச் செய்வது என்று எனக்கு அதுதான் உறுத்தியது.

மாப்பிள்ளை தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து, “வாங்க மாமா” என்று கைகூப்பிவிட்டு, அவசர வேலையாகத் திரும்பிப் போனார். முகம் வாடியிருந்தது.

மகள் அரிசியை வாங்கிக்கொண்டு என்னைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அங்கே என் மூட்டைகள். சணலோடு ஒரு துண்டு மஞ்சள் துணி சேர்த்துத் தைப்பது எங்கள் வழக்கம் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பலகை போட்டு, இடையிடையே காய்ந்த வேப்பிலை செருகி, கூரை வரை அடுக்கியிருந்தார்கள். இந்த வருஷத்து மூட்டைகள் முன்னால், போன வருஷத்தவை பின்னால். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“என்னம்மா இது, போன வருஷம் தை மாசம் அனுப்பினது அப்படியே கிடக்கு?”

“எனக்கும் தெரியலைப்பா. விக்கலை போல. வேணாம்னு உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்கு வாய் வரலை.”

இந்த மனிதர் சங்கடப்படுவார் என்று நான் மனசாட்சியை விழுங்கிக்கொண்டு நெல் அனுப்புகிறேன். நான் சங்கடப்படுவேன் என்று அவர் வாங்கி வாங்கி அடுக்குகிறார்! அதற்காகவா கம்பெனி மூழ்க வேண்டும்?

பகல் ஒரு மணிக்கு ஹோட்டல்காரர் காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, ஓயாத பேச்சு. வேலையாட்கள் ஏழு பேரும் ஏதேதோ சாக்கில் கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். மேஜையில் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர்கள். என்னைப் பார்த்ததும் அவர், “பெரியவரே, ஒரு வாய்?” என்றார்.

“சனிக்கிழமை விரதமுங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமை வந்திருக்கணும் நான்.”

மாங்காயை ஒரு மடக்குக் குடித்துத் தலையாட்டினார். அரிசி பீரைப் பாதி குடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தார். “நல்லா இருக்கு சரவணன். பொய் சொல்லலை. ஆனா இதை யார் குடிப்பா? எங்க அப்பா இருந்தா குடிப்பார். என் ஹோட்டலுக்கு வர்ற பசங்க டம்ளரைத் தூக்கி முதல்ல போட்டோ எடுக்கிறான். மஞ்சளா இருக்கணும், இனிக்கணும். நாலு தொட்டியும் மாங்காய்க்கு விடுங்க, வடிக்கிறதை மொத்தமா நான் எடுத்துக்கறேன்.”

“ரெண்டு தொட்டி அரிசிக்கு வேணும் சார்.”

“ரெண்டா? விளையாடுறீங்களா?”

“அப்ப ஒண்ணு. ஒரே ஒரு தொட்டி. இந்தக் கம்பெனிக்குப் பேர் வந்ததே அதாலதான்.”

ஹோட்டல்காரர் மீசையைத் தடவிக்கொண்டே மறுபடி அந்த டம்ளரை எடுத்து மிச்சத்தையும் குடித்தார். மாப்பிள்ளை ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை, ‘உங்களை வைத்துக்கொண்டு நான் எப்படி விடுவேன்’ என்று நான் படித்தேன். காலையில் சன்னதியில் வேண்டியது மனதில் ஓடியது. எழுந்து நின்றேன்.

“சார், அந்த நெல் என்னோடது. நான்தான் இவர் மாமனார். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. அரிசி வேணாம். நாலு தொட்டியும் மாங்காய்க்கே இருக்கட்டும். இனிமே நான் நெல் அனுப்பப் போறதில்லை.”

ஹோட்டல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “பெரியவர் சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?” என்று மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கினார். மாப்பிள்ளை குலுக்கினார். ஓரத்தில் நின்ற வேலையாட்கள் கைதட்டினார்கள். தட்ட மாட்டார்களா, வேலை பிழைத்ததே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

கார் போன பிறகு மாப்பிள்ளை டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அவர் தலையைத் தூக்காமல் மகளிடம் பேசினார்.

“பூங்கொடி, உங்க அப்பாகிட்ட ஒண்ணு கேளு. அறுத்த கையோட புது அரிசியில சோறு வடிப்பாரா?”

மகள் என்னைப் பார்த்தாள். “புது அரிசி குழைஞ்சிடுமே” என்றேன்.

“தொட்டியிலயும் குழையும்னு சொல்லு. ஒரு வருஷம் பழசாக்கித்தான் நான் எடுப்பேன்னு சொல்லு. போன வருஷத்து மூட்டையை நாளைக்குப் பிரிக்கிறதா இருந்தேன்னு சொல்லு.”

ஐம்பது வருஷமாக நெல்லைப் பழசாக்கிச் சாப்பிடுகிறவன் நான். அடுக்கி, வேப்பிலை செருகி வைத்த மூட்டையைப் பார்த்துவிட்டு விற்காத சரக்கு என்று நினைத்திருக்கிறேன்.

“ஒரு தொட்டியை அந்த ஆள் விட்டுக்கொடுக்கிற மாதிரி வந்துட்டார்னு சொல்லு. டம்ளரை மறுபடி எடுத்தாரே, பார்க்கலையான்னு கேளு.”

“நீங்களே சொல்லுங்களேன், அவர் இங்கதானே நிக்கிறார்!” என்று மகள் கத்தினாள்.

“இல்லை. மாமா மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லு. என் கையால செய்யறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பழக்கூழை வாங்கி ஊத்துறது.”

“மறுபடி போன் போட்டு அவர்கிட்டப் பேசலாமேம்மா, நான் வேணா சொல்றேன்” என்றேன். நானும் மகளிடம்தான் சொன்னேன் என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

“கை கொடுத்தாச்சுன்னு சொல்லு” என்றார் மாப்பிள்ளை. கழுவிய டம்ளர்களைத் துணியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

மாலை ஐந்து மணி வண்டியில் திரும்பினேன். வாஞ்சூரில் ஏறினவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அவர்களில் யாரையும் விட நான் மேலானவன் என்று நினைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மினி லாரியில் மூட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன. கூலியையும் அவரே கொடுத்து அனுப்பியிருந்தார். போன வருஷத்து நெல்லை அரைத்துச் சோறு வடித்தோம். பூப் பூவாக உதிர்ந்தது. அவ்வளவு நல்ல பக்குவத்தில் என் வீட்டில்கூட நெல் பழசானதில்லை. கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. நான்கு தொட்டியும் மஞ்சள். ஏழு பேரும் வேலையில் இருக்கிறார்கள், மகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தொட்டி அறைக்குள் போவதில்லையாம். கல்லாவில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறாராம். பொங்கலுக்கு வந்தால், “வாங்க மாமா”, “வர்றேன் மாமா”. அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. ‘அன்னத்தைச் சாராயமாக்க விட மாட்டேன் என்று மாப்பிள்ளை கம்பெனியிலேயே போய் நின்று தடுத்த மனுஷன்’ என்று கோயில் கமிட்டியில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மறுத்துச் சொல்லப் போனால், தன்னடக்கம் என்று இன்னும் கைதட்டுகிறார்கள். அதனால்தான் எழுதி வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் பக்தியால் நின்றது என்று சேர்க்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு தொட்டி கிடைத்திருக்கும் என்பதை விட்டுவிடாதீர்கள்.